காளை உதறிய மாலை

காதுள்ளவர்கள் எல்லோரும் கேளுங்கள். காதில் தோடு போட்டவர்கள் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள்.

வரியை உயர்த்தாமல் மீசையை மட்டும் உயர்த்திய ராஜா ஒருவர் முன்னொரு காலத்தில் வேங்கைநல்லூரை ஆண்டு வந்தார். அந்த ஊர் ஆற்றங்கரையில் பௌர்ணமிதோறும் ஒரு சந்தை கூடும். விதை, சிப்பி, மரம், சுட்ட மண் என்று எதிலாவது தன் கையாலேயே நகை செய்கிறவர்கள்தான் அங்கே கடை விரிக்கலாம். தங்கத்துக்கு இடமே கிடையாது.

இருளாயியும் அங்கே கடை போட்டாள். கைவேலை அபாரம். ஆனால் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவாள். நல்ல மனசு என்றார்கள் சிலர். எனக்கென்னவோ கழுத்தில் எலும்பு கொஞ்சம் குறைச்சல் என்றுதான் தோன்றுகிறது.

அவளுக்குக் கிடைத்த இடமோ மாடு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில். மேலே வெயில், கீழே சாணம். வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டே நடையைக் கட்டிவிடுவார்கள்.

ஒரு நாள் தண்டோரா போட்டார்கள். "திருவிழாவுக்கு இளவரசி யார் செய்த மாலையை எடுக்கிறாரோ, அவருக்குச் சந்தை நடுவே இருக்கும் புங்கமரத்து நிழல் ஆயுசுக்கும் சொந்தம்!"

நிழல்! இருளாயி சோற்றை மறந்து உட்கார்ந்தாள். சிவந்த குன்றிமணிகள், நடுவே ஒரே ஒரு வெள்ளைச் சிப்பி. ஒவ்வொரு மணிக்கும் ஒரு முடிச்சுப் போட்டு, அதைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். செய்து முடித்தபோது அவளுக்கே சந்தோஷமாக இருந்தது.

முதலில் வந்தார் வளையல் செய்யும் மாயாண்டி அண்ணன். "ஏன் தாயி, அரமணைக்குப் போற மாலை இம்புட்டு ஒல்லியா இருந்தா மரியாதையா? மரக்குண்டு நாலு கோத்துவிடு."

தலையாட்டினாள். கோத்தாள்.

அடுத்து வந்தாள் தோடு செய்யும் பேச்சியக்கா. "சத்தமே இல்லையேடி! இளவரசி வர்றது நாலு தெருவுக்குக் கேக்க வேணாமா? சலங்கையக் கட்டு."

தலையாட்டினாள். கட்டினாள்.

மூன்றாவதாக வந்தார் பாசி கோர்க்கும் சடையன் சித்தப்பா. "குஞ்சலம் இல்லாத மாலை ஒரு மாலையா ஆத்தா?"

தலையாட்டினாள். தேங்காய் அளவுக்குக் குஞ்சலமும் தொங்கியது. மனசு ஒட்டாத வேலைக்குப் பல்லையா கொடுப்பாள்? இதையெல்லாம் விரலால் ஒப்புக்கு முடிந்து வைத்தாள்.

அந்த மூன்று பேரும் போட்டிக்கு ஆளுக்கொரு மாலை செய்தார்கள்; அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

சந்தை நாள் வந்தது. ராஜாவும் இளவரசியும் வந்தார்கள். இளவரசி இருளாயியின் மாலைக்குள் தலையை விட்டாள்; பாரத்தில் முழங்கால் மடங்கியது. "அப்பா, இதை நான் போட்டுக்கொள்வதா, என்னை இதில் கட்டி வைப்பதா?"

சந்தையே சிரித்தது. "யாரம்மா உனக்கு இப்படி யோசனை சொன்னது?" என்று ராஜா கேட்டார். இருளாயி மூன்று பேரையும் பார்த்தாள். அண்ணன் வானத்தைப் பார்த்தார். அக்கா பூமியைப் பார்த்தாள். சித்தப்பா செருப்பைப் பார்த்தார். நிழல் கைவிட்டுப் போயிற்று என்று இருளாயிக்கு அழுகை முட்டியது.

"இதைத் தாங்கும் தலை இந்தச் சந்தையில் ஒன்றுதான் உண்டு" என்று சொல்லி, பக்கத்தில் நின்ற காளையின் கொம்பில் மாட்டச் சொன்னார் ராஜா.

காதருகே சலங்கை குலுங்கியதும் காளை மிரண்டது. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. ஒரு உதறு உதறியது: மரக்குண்டுகள் மாயாண்டி அண்ணன் முதுகில் விழுந்தன. மறுபடி உதறியது: சலங்கை பேச்சியக்காவின் கூழ்ப்பானைக்குள் விழுந்தது. மூன்றாம் தரம் உதறியது: சடையன் சித்தப்பாவின் வழுக்கைத் தலையில் குஞ்சலம் குடுமியாக உட்கார்ந்தது.

கடைசியில் புங்கமர நிழலில் மூச்சு வாங்கி நின்றது காளை. அதன் கொம்பில் சிவந்த மணிகளும் ஒரு வெள்ளைச் சிப்பியும் அப்படியே இருந்தன. ஒரு மணிகூட உதிரவில்லை.

"இதுதான் எனக்கு வேண்டும்! இது யார் யோசனை?" என்று இளவரசி ஓடி வந்தாள்.

"நான்தான் சொல்லிக் கொடுத்தேன்!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் முந்தினார்கள்.

இந்தத் தடவை இருளாயி தலையாட்டவில்லை. "இது நான் செஞ்சதுங்க. உதிர்ந்து போனதெல்லாம் அவுங்க சொன்னது."

நிழல் அவளுக்குக் கிடைத்தது. மூன்று பேரும் இன்னமும் யோசனை சொல்ல வருகிறார்கள். "காளையக் கேட்டுச் சொல்றேன்" என்பாள் இருளாயி.

ஆகவே பிள்ளைகளே, பெரியவர்களே: மனம் ஒப்பிச் செய்தது நிலைக்கும், பிறர் வாய்க்காகச் சேர்த்தது ஒரே உதறலில் உதிர்ந்துவிடும்.