நனையாத கீரி

கீரி அந்தக் கிழட்டு யானையைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு பாறை இடுக்கிலிருந்து.

காட்டாறு வற்றிப்போன கோடை அது. மற்ற யானைகளெல்லாம் மலையேறிப் போய்விட்டன. இவள் மட்டும் ஆற்று மணலில் நின்று முன்னங்காலால் உதைத்து உதைத்துக் குழி தோண்டினாள். தும்பிக்கையால் மணலை வாரி வெளியே வீசினாள். அடியில் ஈரம் தெரிந்தது. ஈரம் கசிந்தது. கசிவு ஊற்றானது.

காடே கூடிவிட்டது. பன்றியும் மானும் மயிலும் மந்தியும் குழியைச் சுற்றி முண்டியடித்தன.

"குடிங்க! குடிங்க!" என்றாள் யானை. "மணலுக்கு அடியில ஆண்டவர் வெச்சிருந்த தண்ணி இது. நான் மணலை மட்டும்தான் தள்ளினேன்!"

சந்தோஷம் தாங்காமல் அவள் தும்பிக்கை நிறைய உறிஞ்சி எல்லார் மேலும் பீய்ச்சி அடித்தாள். கூட்டம் கத்திக் கும்மாளமிட்டது.

கீரி மட்டும் இடுக்கை விட்டு வெளியே வரவில்லை. 'கீரிக்கும் மானுக்கும் யானை எதற்காகத் தோண்ட வேண்டும்? இதில் என்னவோ இருக்கிறது!' என்று நினைத்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்படியும் அது நகரவில்லை.

கூட்டம் கலைந்தது. யானை தள்ளாடித் தள்ளாடிப் பாறைக்கு வந்தாள். இடுக்கின் வாசலில் கல்லிலேயே சின்னதாக ஒரு குழி இருந்தது. தும்பிக்கையில் கொண்டுவந்த தண்ணீரை அதில் மெல்ல ஊற்றினாள்.

"உள்ள யாரோ இருக்கீங்க. யாருன்னு நான் கேக்கல. குடிங்க."

கீரி இன்னும் உள்ளே ஒடுங்கிக்கொண்டது. அவள் போய் வெகுநேரம் ஆன பிறகுதான் எட்டிப் பார்த்துக் குடித்தது.

விடிந்தபோது யானை ஊற்றுக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தாள். தோண்டியதிலேயே அவள் உயிர் போய்விட்டது.

எல்லாம் அழுதன. அழுது முடித்ததும் மந்திக்கு ஒரு பயம் வந்தது.

"நாளைக்கு ஊர்பேர் தெரியாததெல்லாம் வந்து குடிச்சுத் தீத்துட்டா நம்ம கதி என்ன?" என்றது. "யானையம்மா யார் மேல தண்ணி அடிச்சாங்களோ அவங்கதான் இந்த ஊத்துக்குச் சொந்தம். நனைஞ்சவங்களுக்கு மட்டும்தான் தண்ணி!"

"அதுதான் நியாயம்!" என்றது பன்றி. மற்றவையும் தலையாட்டின.

"காவலுக்கு யாரு?"

"கீரிதான்! அதுக்குத்தான் யாரையும் நம்பவே தெரியாதே!"

எல்லாம் சிரித்தன. கீரிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. 'நான் நனையவே இல்லையே! தெரிந்தால் முதலில் என்னைத்தான் துரத்துவார்கள்!' ஆனால் அது வாயைத் திறக்கவில்லை. அன்று முதல் ஊற்றுக் கரையில் ஏறி உட்கார்ந்து, எவரும் காக்காத கடுமையோடு காவல் காத்தது.

மான் வந்தது.

"அன்னைக்கு உன் மேல தண்ணி பட்டுச்சா?" என்று கேட்டது கீரி.

"பட்டுச்சே!"

"தும்பிக்கை எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?"

மான் திருதிருவென்று விழித்தது. "இடது பக்கம்னு நினைக்கிறேன்…"

"நினைக்கிறியா? நனைஞ்சவங்க நினைக்க மாட்டாங்க, டக்குனு சொல்லுவாங்க! நட, வெளியே!"

"ஐயோ, நான் பன்றி மாமா பக்கத்துலதானே நின்னேன்! மாமா, நீங்களாவது சொல்லுங்களேன்!"

பன்றி காதில் விழாததுபோலத் திரும்பிக்கொண்டது. வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி தனக்கு வருமே என்று அதற்குப் பயம்.

மயில் வந்தது. "என் வால் இறகுல பட்டுச்சு!" என்றது.

"எந்த இறகு? காட்டு!"

"அது உதிர்ந்து போச்சே!"

"வசதியா உதிர்ந்திருக்கு! போ, போ!"

மயில் அழுதுகொண்டே போனது. கொஞ்ச நாளில் ஊற்றுக்கு வருகிற கூட்டம் குறைந்தது. வந்தவையும் ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, கால் நனையாமல் எட்டிக் குடித்துவிட்டு ஓடின.

ஒரு மத்தியானம் ஒரு நரி வந்தது. விலா எலும்புகள் வெளியே துருத்தியிருந்தன. நடை பின்னியது.

"நீ அன்னைக்கு இங்க இருந்தியா?" என்றது கீரி.

"இல்லைங்க."

கீரி திடுக்கிட்டது. இதுவரை ஒருவரும் இல்லை என்று சொன்னதில்லை.

"நனையலையா?"

"நனையலைங்க. நான் ஆத்துக்கு அந்தப் பக்கம். இப்படி ஒரு ஊத்து இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியும். தாகமா இருக்கு."

மரத்தின் மேலிருந்து மந்தி கைகொட்டிச் சிரித்தது. "நரி உண்மை பேசுதாம்! கேட்டீங்களா? இதைவிடப் பெரிய தந்திரம் ஒண்ணு உண்டா? ஏமாந்துடாதே கீரி!"

கீரிக்கும் அப்படித்தான் பட்டது. பொய் சொல்கிறவர்களை அதற்கு நன்றாகத் தெரியும். அதுவே தினமும் அந்த வேலையைத்தானே செய்துகொண்டிருந்தது! உண்மை சொல்கிற ஒரு நரியை என்ன செய்வது என்றுதான் அதற்குத் தெரியவில்லை.

"தண்ணி கிடையாது! போ!" என்று சீறியது.

"சரிங்க," என்றது நரி. "அந்த மருதமரத்து நிழல்ல கொஞ்சம் படுத்துக்கறேன். நிழலுக்கும் நனைஞ்சிருக்கணுமா?"

"படு. ஆனா என் கண்ணு உன் மேலதான் இருக்கும்!"

மறுநாள் ஊற்றில் தண்ணீர் பாதியாகக் குறைந்திருந்தது. அதற்கும் மறுநாள் அடியில் கலங்கலாகக் கொஞ்சம்தான் தெரிந்தது.

"திருட்டு!" என்று கத்தியது மந்தி. "யாரோ திருடிக் குடிக்கிறாங்க! வேற யாரு? அந்த நரிதான்!"

"நேத்து மயிலும் இந்தப் பக்கம் வந்துச்சு," என்றது பன்றி.

"நீ மட்டும் ஏன் தினமும் முதல் ஆளா வர்றே?" என்று பன்றியையே மடக்கியது மந்தி.

இரண்டும் அடித்துக்கொள்ளாத குறை. கடைசியில், விடிவதற்கு முன்னே கீரி பதுங்கியிருந்து திருடனைப் பிடிப்பது என்று முடிவானது.

கிழக்கு வெளுக்கும் நேரம். கீரி மணல் மேட்டுக்குப் பின்னால் பதுங்கியிருந்தது. மருதமரத்தடியிலிருந்து நரி எழுந்தது. நிற்க முடியாமல் வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து வந்தது.

'வா, வா! இன்றைக்கு அகப்பட்டாய்!' என்று கீரி மயிரைச் சிலிர்த்துக்கொண்டது.

ஆனால் நரி ஊற்றுக்கு வரவில்லை. பாறைப் பக்கம் திரும்பியது. இடுக்கின் வாசலில் இருந்த அந்தக் குழியில் வாயை வைத்து வெறும் கல்லை நக்கியது.

கீரி பாய்ந்து போய் முன்னால் நின்றது. "இங்க என்ன பண்றே?"

நரி தலையைத் தூக்கவில்லை. "ஊத்துக்கு வரலைங்க, பயப்படாதீங்க. இந்தக் கல்லு கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கு. அதான் நக்கிக்கறேன்."

கீரி அந்தக் குழியைப் பார்த்தது. தான் குடித்த குழி. ஒரு கேள்வியும் கேட்காமல் யானை தனக்கு ஊற்றிய குழி. இந்த நரி இன்னொரு பகல் தாங்காது என்று அதற்கு நன்றாகத் தெரிந்தது. கொடுத்தால் காவல் போகும். பிறகு, தான் நனையவில்லை என்ற ரகசியமும் வெளியே வரும். அதன்பின் தனக்கும் ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்காது.

அது ஊற்றுக்கு ஓடியது. தன் புசுபுசு வாலைக் கலங்கல் தண்ணீரில் முக்கியெடுத்தது. திரும்பி ஓடிவந்து குழியின் மேல் வாலைப் பிழிந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. நரி நக்கியது. கீரி மறுபடியும் ஓடியது.

"உங்களுக்குப் பழி வருமேங்க," என்றது நரி.

"பேசாம குடி! குடிச்சுத் தெம்பு வந்ததும் என்னைக் கடிச்சே, தெரியும் சேதி!"

"ஐயோ! ஐயோ! காவல்காரனே திருடன்!"

மந்திதான். மரத்தின் உச்சியில் நின்று ஊரைக் கூட்டியது. பன்றி ஓடிவந்தது. துரத்தப்பட்ட மானும் மயிலும்கூட எட்ட நின்று கழுத்தை நீட்டின.

"நரிக்குத் தண்ணி கொடுத்தியா?" என்று உறுமியது பன்றி.

"கொடுத்தேன்."

"அது நனைஞ்சதா?"

"இல்ல. நானும் நனையல!"

பன்றி ஓர் அடி பின்வாங்கியது.

"அன்னைக்கு நான் இந்த இடுக்குல ஒளிஞ்சிருந்தேன்," என்றது கீரி. "யானையம்மா மேலயே சந்தேகப்பட்டேன். என் மேல ஒரு சொட்டுகூட விழல. அவங்களே இங்க வந்து இந்தக் குழியில ஊத்தினாங்க. நான் யாருன்னுகூடக் கேக்கல. நனைஞ்சவங்களுக்கு மட்டும்தான் ஊத்துன்னா முதல்ல என்னைத் துரத்துங்க!"

"அப்புறம் எதுக்கு எங்களை அந்தக் கேள்வி கேட்டே?" என்றது மான்.

"உங்களைக் கேட்டுக்கிட்டே இருந்தா என்னை யாரும் கேக்க மாட்டீங்கன்னுதான்."

பன்றி தரையைப் பார்த்தது. காதை ஆட்டியது. பிறகு, "சே!" என்றது. "அன்னைக்கு நான் சேத்துல குப்புறக் கிடந்தேன். முதுகுல விழுந்தது தண்ணியா மணலான்னு சத்தியமா எனக்குத் தெரியாது! வலமா இடமான்னு நீ கேட்டிருந்தா செத்தேன்!"

மயிலுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

பன்றி அதற்கு மேல் நிற்கவில்லை. நேராக ஊற்றுக் குழிக்குள் இறங்கி மூஞ்சியால் மணலை முட்டித் தள்ளியது. மான் பின்னாலேயே இறங்கிக் குளம்பால் உதைத்தது. மயில் கால் நகத்தால் கீறியது. சரிந்து கிடந்த மணல் விலக விலக, அடியில் தண்ணீர் கொப்பளித்து வந்தது. திருடன் ஒருவனும் இல்லை. பல கால்கள் இறங்கி மிதித்த வரை ஊற்றுக் கண் திறந்திருந்தது. கால்களைத் துரத்தியதும் மணல் சரிந்து அதை மூடிவிட்டது. அவ்வளவுதான்.

கீரி ஓரமாக நின்றது. 'இப்போது என்னைப் போகச் சொல்வார்கள்' என்று காத்திருந்தது. ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் தானே கேட்டது.

"என்னைத் துரத்தலையா?"

"கொஞ்சம் நகர்ந்து நில்லு," என்றது மான். "கால் வைக்க இடம் வேணும். நீயும் இறங்கித் தொலையேன்!"

கீரி இறங்கியது. அன்றுதான் அது முழுசாக நனைந்தது.

மந்தி மட்டும் உச்சி வெயில் வரை கீழே வரவில்லை. "இதுல என்னவோ சூது இருக்கு!" என்று கிளையில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. பிறகு தாகம் தாங்காமல், நாலா பக்கமும் பார்த்தபடி இறங்கி வந்து ஒரு வாய் குடித்தது.

"ஏன் யாரும் என்னை ஒண்ணும் கேக்கல?" என்றது சந்தேகத்தோடு.

"இன்னொரு வாய் குடிங்க அக்கா," என்றது நரி.

கிறிஸ்துவின் வீட்டுக்குள் தகுதியால் வந்தவர் நம்மில் ஒருவரும் இல்லை. கேளாமல் நமக்கு ஊற்றப்பட்ட கிருபையால்தான் வந்தோம் என்பதால், வாசலில் நின்று அடுத்தவருடைய தகுதியைச் சோதிக்கும் உரிமை நமக்கு இல்லை.

யானையின் எலும்புகள் அந்த ஆற்று மணலில் கிடக்கின்றன. பக்கத்தில் ஊற்றில் தண்ணீர் இருக்கிறது.