மன்னர் மல்லாந்து படுத்த மண்டலம்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சிலருக்குக் கோபம் வரக்கூடிய ஒரு நாட்டில், மருதவர்மன் என்று ஒரு மன்னர் இருந்தார். நல்ல மனிதர்தான். உயரம் மட்டும் கொஞ்சம் குறைவு. அந்தக் குறையைச் சிங்காசனத்தில் சரிக்கட்டி வந்தார். வருஷத்துக்கு ஒரு படி என்று கட்டிக்கொண்டே போனதில், கடைசியில் அவர் ஏறி உட்காரவே இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியதாயிற்று. ஒருநாள் இறங்கும்போது கைகொடுக்க ஆள் இல்லை. மன்னர் உருண்டார். எல்லாப் படியையும் ஒன்றுவிடாமல் தொட்டுக்கொண்டு கீழே வந்து சேர்ந்தார். முதுகு பிடித்துக்கொண்டது.

அரண்மனை வைத்தியர் வந்து பார்த்தார். "மகாராஜா, ஒரு மண்டலம் மண்தரையில் பாய் விரித்து மல்லாந்து படுக்க வேண்டும். தலையணை கூடாது. கழுத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பவே கூடாது. திருப்பினால் அப்புறம் சிங்காசனம் இல்லை, தொட்டில்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முற்றத்தில் பந்தல் போட்டு, மண்தரையில் பாய் விரித்து, மன்னரைக் கிடத்தினார்கள். சபையையும் அங்கேயே கூட்டச் சொன்னார் மன்னர். அங்கேதான் வந்தது வம்பு.

அந்த நாட்டில் ஒரு சட்டம் உண்டு. மன்னர் தலைக்கு மேல் எவர் தலையும் இருக்கக் கூடாது. அவரவர் தலை, தமக்கு மேலே உள்ளவர் தலைக்கு ஒரு சாண் கீழே இருக்க வேண்டும். சிங்காசனத்தில் மன்னர் இருந்தவரை தொல்லையில்லை. இப்போது அவர் தலையோ தரையில் கிடக்கிறது. மற்றவர்கள் தலையைக் கழற்றியா வைக்க முடியும்?

முதலமைச்சர் விருத்திசேனர் யோசித்தார். இந்த மாதிரி யோசனைக்கென்றே பிறந்தவர் அவர். "குழி தோண்டுவோம்" என்றார்.

தோண்டினார்கள். அமைச்சருக்கு ஒரு குழி, தலை மன்னர் தலைக்கு ஒரு சாண் கீழே இருக்கும்படி. சேனாதிபதிக்கு அதைவிட ஆழமாக. எழுத்தர்களுக்கு இன்னும் ஆழம். காவலர்களுக்கு அதற்கும் கீழே. குறைகளைச் சொல்ல வரும் குடிமக்களுக்குக் கடைசியில் ஒரு பெருங்குழி. கொஞ்சம் விட்டால் தண்ணீர் ஊறியிருக்கும். அதிலிருந்து கத்தினால் பக்கத்துக் காவலர் குழிக்கே பாதிதான் கேட்கும்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றான் அரண்மனை விகடகவி. பெயர் வாமனன். ஆள் என்னவோ பந்தற்கால் உயரம். அவன் வலது காலில் ஒரு பொற்கழல் இருந்தது. கிளி உருவம் செதுக்கி, சின்னச் சின்ன மணிகள் கோத்தது. மன்னர் வயிறு வலிக்கச் சிரித்த ஒருநாள் தம் கையால் பூட்டிய கழல். அது கலகலவென்று ஒலிக்கும்போதெல்லாம் விருத்திசேனர் கண் அதன்மேலேயே போகும்.

"மன்னா, ஒரு சின்ன விண்ணப்பம்" என்றான் வாமனன். "இத்தனை குழி எதற்கு? நாங்கள் எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால், இந்த முற்றத்தில் தாங்கள்தானே உயர்ந்தவர்!"

வேறு நாளாக இருந்தால் மன்னர் சிரித்திருப்பார். இன்று முதுகு வலி. "கேலி செய்யாதே! மேல் கீழ் இல்லாமல் நாடு நடக்குமா?"

"நடக்குமோ நடக்காதோ, நாம் இதுவரை விட்டுப் பார்த்ததில்லை, மன்னா. ஆனால் ஒன்று மட்டும் தெரியும். இந்த மேல் கீழை யாரும் கவிழ்க்க வேண்டாம். அதில் இருப்பவர்களே கவிழ்த்துவிடுவார்கள்."

"அப்படியா?" என்று மன்னர் பந்தலைப் பார்த்துக்கொண்டே சீறினார். "இந்த மண்டலம் முடிவதற்குள், அந்தக் கடைசிக் குழியில் நிற்பவர்கள் தலை என் தலைக்கு மேலே இருக்க வேண்டும். ஒருவர்கூடத் தமக்கு மேலே உள்ளவரைத் தாண்டக் கூடாது. நீ மண்வெட்டியைத் தொடக் கூடாது, யாரையும் வற்புறுத்தவும் கூடாது. செய்து காட்டு! இல்லையென்றால் என் நாட்டில் உனக்கு இடமில்லை."

விருத்திசேனர் முகத்தில் பண்டிகை களை கட்டியது. "மகாராஜா, அதுவரை விகடகவியார் கடைசிக் குழியிலேயே நிற்பதுதான் பொருத்தம். பதவி என்று அவருக்கு ஏது?"

"நிற்கிறேன்" என்றான் வாமனன். "ஆனால் என்மேல் சந்தேகம் வரக் கூடாதல்லவா? குழிகளின் ஆழத்தைக் காக்க ஒரு கண்காணியை நியமியுங்கள். அவரும் அமைச்சர் வீட்டு ஆளாகவே இருக்கட்டும்."

அமைச்சருக்கு நம்பவே முடியவில்லை. உடனே தம் மைத்துனன் பலபத்திரனைக் குழிக் கண்காணி ஆக்கினார். பலபத்திரன் இடுப்பில் அளவுகோலைச் செருகிக்கொண்டு, அன்று சாயங்காலமே புதுப் பல்லக்கு ஒன்றுக்குச் சொல்லிவிட்டான்.

கடைசிக் குழியில் வாமனனுக்குப் பக்கத்தில் குருவம்மாள் என்று ஒருத்தி நின்றாள். செக்காட்டும் வேலாண்டியின் பெண்டாட்டி. தினமும் வந்து கத்திக் கத்தித் தொண்டை கம்மிப்போயிருந்தது.

"என்ன குறை, ஆத்தா?" என்று கேட்டான் வாமனன்.

"அரமனைக்கு எண்ணெக் குடம் தலையில தூக்கிட்டு வந்தாரு சாமி எங்க வூட்டுக்காரரு. எதுத்தாப்புல அந்தப் பலபத்திரன் பல்லக்கு. குனியலேன்னு புடிச்சு உள்ள போட்டுட்டாங்க. குனிஞ்சா அரமனை எண்ணெ கொட்டிப் போவுமே, அவரு என்ன பண்ணுவாரு? குடத்தை மட்டும் வூட்டுல கொண்டாந்து வச்சுட்டாங்க, ஆளை விடல. இந்த மண்டலம் முடிஞ்சதும் மலைக்குக் கல்லொடைக்க அனுப்பறாங்களாம். போனவங்க யாரு சாமி திரும்பி வந்தா?" அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

வாமனனுக்கு அதுவரை இது விளையாட்டாகத்தான் இருந்தது. அவள் அழுததும் மனசு கனத்துப்போயிற்று. "மன்னர் காதில் விழும்படி உன்னைப் பேச வைக்கிறேன், ஆத்தா" என்றான். சொல்லிவிட்டான், அவ்வளவுதான். எப்படி என்று அவனுக்கே அப்போது முழுசாகத் தெரியாது.

மறுநாள் பலபத்திரன் அளவுகோலோடு வந்தபோது, வாமனன் பொற்கழலைக் கழற்றி அவன் கையில் வைத்தான்.

"ஐயா, கண்காணியாரே, இந்தக் குழியில் ஒரே ஈரம். ஒரு சாண் மண் போட்டு மேடாக்கினால் புண்ணியமாகப் போகும்."

பலபத்திரன் கழலைப் பார்த்தான். அத்தான் இதற்காக எத்தனை நாள் ஏங்கியிருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும். ஒரு சாண் என்ன, இவர்கள் யாரைத் தாண்டிவிடப் போகிறார்கள்? ஒரு சாண் மண் விழுந்தது.

அன்று மத்தியானம் காவலர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குறை சொல்ல வந்தவர்கள் தலை தங்கள் தலைக்குச் சமமாக நிற்கிறது! பதறிப்போனார்கள். "இதென்ன மரியாதை!" என்று பலபத்திரன் வீட்டுக்கு இரண்டு ஆட்டுக்கிடாயை ஓட்டிப் போனார்கள். அவர்கள் குழியில் ஒரு சாண் ஏறியது. உடனே எழுத்தர்களுக்குப் பொறுக்கவில்லை. பலாப்பழமும் நெய்க்குடமும் போயின. அவர்கள் ஏறியதும் சேனாதிபதிக்கு மீசை துடித்தது. ஒரு குதிரை போயிற்று. சேனாதிபதி தலை தமக்குச் சமமாக வந்துவிட்டதைக் கண்ட விருத்திசேனர், மைத்துனனுக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஒரு முறைப்பு முறைத்தார். அவர் குழிக்கும் மண் வந்தது.

எல்லோரும் மறுபடி அவரவர் வரிசையில், ஒரு சாண் இடைவெளியில், ஒழுங்காக நின்றார்கள். சட்டம் அப்படியே இருந்தது. சபைதான் ஒரு சாண் உயர்ந்திருந்தது.

வாமனன் அடுத்தபடி கடுக்கனைக் கழற்றினான். மறுபடி ஒரு சுற்று. பிறகு பட்டு அங்கவஸ்திரம். இன்னொரு சுற்று. அப்புறம் தலைப்பாகை, வெள்ளி வெற்றிலைச் செல்லம், விசிறி என்று இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகப் போயிற்று. ஒவ்வொரு தடவையும் கீழே விழுந்த மண் மேலே வரை போய் முடிந்தது. அமைச்சரின் குழி நிரம்பித் தரையாகி, தரைமேல் மேடாகி, மேட்டின்மேல் பலகை போட்டு உட்காரும் அளவுக்கு வந்துவிட்டது.

ஒருவருக்காவது தெரியவில்லையா என்று கேட்பீர்கள். தெரியவில்லை. எல்லோர் கண்ணும் தனக்குக் கீழே இருப்பவன் எவ்வளவு ஏறிவிட்டான் என்பதிலேயே இருந்தது. மன்னரை யார் பார்த்தார்கள்? மன்னரோ பந்தல் ஓலையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பேச்சுக் குரலெல்லாம் நாளுக்கு நாள் மேலிருந்து வருவது போலிருந்தது. வைத்தியரின் கஷாயம் காதுக்கும் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மண்டலம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, வாமனன் இடுப்பில் ஒரு வேட்டிதான் மிச்சம். பந்தயம் ஜெயித்தாயிற்று, கடைசிக் குழித் தலைகள் மன்னர் தலைக்கு மேலே வந்துவிட்டன. ஆனால் குருவம்மாள் தரைக்கு ஏறி மன்னர் கண்ணில் பட இன்னும் முழங்கால் ஆழம் மிச்சம். குழியிலிருந்து அவள் என்ன கத்தினாலும், முன்னால் மேடுமேடாக உட்கார்ந்திருப்பவர்கள் அதட்டி அடக்கிவிடுவார்கள். இரும்புச் சங்கிலி பூட்டிய வண்டி அரண்மனை வாசலில் தயாராக நின்றது. வாமனன் முதல்முறையாகத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"என்னா சாமி, கொடுக்க ஒண்ணுமில்லயா?" என்றாள் குருவம்மாள்.

"வேட்டி இருக்கிறது, ஆத்தா. அதைக் கொடுத்தால் சபைக்கு வர முடியாது."

அவள் வீட்டுக்குப் போனாள். அந்த எண்ணெய்க் குடத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாள். எதிரே பலபத்திரன். அவள் குனியவில்லை. குடத்தைக் கண்டதும் அவனும் குனியச் சொல்லவில்லை. வாங்கி முகர்ந்து பார்த்து, "நல்லெண்ணெய்தான்" என்று சொல்லிவிட்டு, கடைசிக் குழியைத் தரை மட்டத்துக்கு நிரப்பச் சொன்னான்.

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? மறுநாளுக்குள் எல்லோரும் இன்னும் ஏறினார்கள். அமைச்சர் பலகைக்கு அடியில் இன்னொரு பலகை வந்தது.

மண்டலம் முடிந்தது. வைத்தியர் மன்னரின் கழுத்தை நீவிவிட்டு, "இனி மெல்லத் திரும்பலாம், மகாராஜா" என்றார்.

மன்னர் மெல்லத் திரும்பினார். கண்ணுக்கு நேரே ஒரு கால் தெரிந்தது. கணுக்காலில் ஒரு பொற்கழல். அதில் ஒரு கிளி. மணிகள் ஒலிக்காதபடி தேன்மெழுகு அடைத்திருந்தது.

"இது நான் வாமனனுக்குக் கொடுத்தது அல்லவா?" என்றார் மன்னர். காலின் வழியாகக் கண்ணை மேலே ஓட்டினார். மேலே, மேலே, வெகு மேலே, விருத்திசேனரின் முகம் இருந்தது. அமைச்சர் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். மேட்டில் இழுக்க இடமில்லை. மன்னர் பார்வை அப்பால் போயிற்று. சேனாதிபதி, எழுத்தர்கள், காவலர்கள் எல்லோரும் மேடுகளில் இருந்தார்கள். கடைசியில் தரையில் வெறும் வேட்டியோடு வாமனன் நின்றான், பக்கத்தில் ஒரு பெண். அவர்கள் தலைகூட மன்னர் தலைக்கு எத்தனையோ சாண் மேலே இருந்தது.

"யார் இப்படிச் செய்தது!" என்று மன்னர் கர்ஜித்தார்.

விருத்திசேனர் மேட்டிலிருந்தே குனிந்து கும்பிட்டார். "மகாராஜா... சட்டம் மீறப்படவில்லை. ஒவ்வொருவரும் தமக்கு மேலே உள்ளவரைவிட ஒரு சாண் கீழேதான்..."

"அப்படியானால் நான் மட்டும் ஏனய்யா எல்லோருக்கும் கீழே கிடக்கிறேன்?"

வாமனன் கைகூப்பினான்.

"தாங்கள் செய்து காட்டச் சொன்னதுதான், மன்னா. இந்தச் சபையில் அமைச்சர்கூடத் தம் மைத்துனருக்கு ஒரு முறைப்பாவது கொடுத்தார். குழிக் கண்காணிக்கு எதுவுமே கொடுக்காதவர் தாங்கள் ஒருவர்தான்."

அதற்குள் குருவம்மாளுக்கு எங்கிருந்தோ குரல் வந்துவிட்டது. "மகாராசா! எங்க வூட்டுக்காரரு குனிஞ்சிருந்தா உங்க எண்ணெதான் மகாராசா மண்ணுல போயிருக்கும்!" என்று ஆரம்பித்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். காவலர்கள் அதட்ட வாயெடுத்தார்கள். மன்னர் தரையிலிருந்தே கையை உயர்த்தினார். அவள் முடிக்கும்வரை கையை இறக்கவில்லை.

பிறகு, "வாமனா, நீயும்தானே கொடுத்தாய்? அது குற்றமில்லையா?" என்றார்.

"குற்றம்தான், மன்னா. என் கழல் எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். அது அமைச்சர் கால்வரை போயிருக்கிறது. சிங்காசனத்திலிருந்து பார்த்திருந்தால் தங்களுக்கு அவர் தலைப்பாகைதான் தெரிந்திருக்கும்."

மன்னருக்கு உதடு துடித்தது. கோபம் என்று எல்லோரும் பயந்தார்கள். சிரிப்பு! தரையில் கிடந்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்த நிமிஷமே வேலாண்டியைச் சங்கிலி கழற்றி அழைத்துவரச் சொன்னார். குருவம்மாள் ஓடிப்போய் அவன் தலையைத் தடவித் தடவிப் பார்த்தாள். இனி அரண்மனைக்கு எண்ணெய்க் குடம் சுமப்பது பலபத்திரன் வேலை என்று தீர்ப்பாயிற்று. மேடுகளை வெட்டிச் சமப்படுத்தும் கூடை விருத்திசேனர் தலையில் ஏறியது. மன்னர் கழலின் மெழுகைத் தம் நகத்தாலேயே சுரண்டி எடுத்து வாமனன் காலில் பூட்டினார். இடது காலுக்கும் ஒன்று செய்யச் சொன்னார்.

"சரி, சிங்காசனத்துப் படிகளை இடித்துவிடட்டுமா?"

"இடிக்கச் சொன்னால் அதற்கும் ஒரு கண்காணி வருவார், மன்னா. மாதத்துக்கு ஒருநாள் இப்படியே தரையில் படுத்துச் சபையைப் பாருங்கள், போதும்."

மன்னர் மறுபடி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த சிரிப்பில் முதுகு படக்கென்று மறுபடி பிடித்துக்கொண்டது. வைத்தியர் ஓடிவந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னொரு மண்டலம்!" என்றார்.

சபையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வேட்டியை இழுத்துக் கணுக்காலை மூடிக்கொண்டார்கள்.