கிளப்புக்கு ஒரு மாலை

பொட்டலூரின் ஒரே மைதானத்தை, வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒன்று அங்கிருந்த கிளப்புக்கே எழுதிவைத்திருந்தது. அதை ரத்து செய்யலாமா என்று விசாரிக்கச் சட்டசபைக் குழு வருகிறது என்றதும், கிளப் தலைவர் தாண்டவமூர்த்திக்கு மீசை துடித்தது.

கூட்டிப் பெருக்கும் செங்கமலத்தைக் கூப்பிட்டார். “பதிவேட்டுல இருக்கிற முப்பது மெம்பரும் நாளைக்குக் கூடத்துல உட்கார்ந்திருக்கணும். என்ன செய்வியோ தெரியாது. இல்லேன்னா உன் வேலை போச்சு!”

“உட்கார வெச்சிடறேனுங்க” என்றாள். மைதானம் பூட்டியே கிடந்ததால், அவள் பிள்ளைகள் பஸ் போகும் ரோட்டில்தான் பந்து விளையாடின.

மறுநாள் தலைவர் குழுவினரைக் கம்பீரமாக அழைத்துவந்து கதவைத் திறந்தார். இருபத்தொன்பது நாற்காலிகளில், சுவரிலிருந்து இறக்கிய படங்கள். ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு, மல்லிகை மாலை. ஒரு நாற்காலி மட்டும் காலி.

“எல்லா மெம்பரும் வந்தாச்சுங்க. அது ஐயாவோட இடம்” என்றாள் செங்கமலம்.

அவள் கையில் இன்னொரு மாலை இருந்தது. தலைவர் பதறிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

“ஐயய்யோ, உங்களுக்கில்லைங்க. நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும். இது வாசல்ல மாட்டியிருக்கிற கிளப் பலகைக்கு.”

குழுத் தலைவி சிரிப்பை அடக்கமுடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தக் கூட்டத்தொடரிலேயே சட்டம் ரத்தானது. மைதானத்துப் பூட்டைத் திறந்தது செங்கமலம்தான். முதல் பந்து பறந்துபோய், மாலை தொங்கிய பலகையைக் கீழே தள்ளியது.