ஐந்தடுக்கும் கிடாரமும்

சீடருக்குக் குருவைவிட நாலு வயது கூட. அதனால் புதிதாக வருகிறவர்கள் நேரே பூதலிங்கத்தின் காலில் விழுந்துவிடுவார்கள். அவர் பதறிப்போய், கையிலிருக்கும் கரண்டியாலேயே சாமியைக் காட்டுவார். சாமியும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

மலைக்கோயிலுக்கு ஜனங்கள் நடந்துபோன காலம் ஒன்று இருந்தது. ஆற்றங்கரை மடத்தில் இளைப்பாறி, இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுத்தான் மேலே ஏறுவார்கள். முப்பத்தெட்டு வருஷம் பூதலிங்கத்தின் அடுப்பு அணையவில்லை. பிறகு மலை உச்சிக்கே பஸ் போனது. அப்புறம் வழியில் யார் இறங்கப் போகிறார்கள்? ஓர் ஐப்பசி மழையில் மடத்துக் கூரையும் உட்கார்ந்துவிட்டது. இருவரும் கடைத்தெருவில் ஒரு மாடி அறைக்குக் குடிவந்தார்கள்.

அங்கே அடுக்களை என்பது ஒரு மூலை. இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். அதிலும் பாதியை ஒரு பித்தளைக் கிடாரம் அடைத்துக்கொண்டிருந்தது. அறுபது பேருக்குச் சோறு பொங்கிய கிடாரம். மற்ற பாத்திரங்களையெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்ட பூதலிங்கம், இதை மட்டும் வண்டியில் ஏற்றிக் கூடவே நடந்துவந்தார். நாலு பேர் கயிறு கட்டி மாடிக்கு ஏற்றினார்கள்.

பக்கத்து ஊர்க் கோயில்காரர் வைகுண்டம் ஒருநாள் வந்தார். கொடைத் திருவிழாவுக்குச் சமைக்கப் பெரிய பாத்திரம் இல்லை, கிடாரத்தைக் கொடுத்தால் கோயிலிலேயே வைத்துக்கொள்கிறோம் என்றார். பூதலிங்கம் சாமியைப் பார்த்தார். சாமி ஜன்னலைப் பார்த்தார். வியாழக்கிழமை வந்தால் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார் பூதலிங்கம்.

மறுநாள் கிடாரத்தின் மேலே எக்கிச் சமைத்ததில் முழங்கை வெந்துபோனது.

“சாமி, சின்ன அடுக்களைக்கு எந்தப் பாத்திரம் சரியா வரும்?”

“எனக்குத் தின்னத்தானே தெரியும். கடையில கேளுங்க அண்ணாச்சி.”

பூதலிங்கம் கடைக்குப் போய் ஓர் ஐந்தடுக்கு வாங்கிவந்தார். ஐந்து பாத்திரம், ஒன்றுக்குள் ஒன்று போய்விடும். கைப்பிடி தனியாகக் கழன்றுவரும். தட்டே மூடி. வித்தை காட்டுகிறவர் மாதிரி ஐந்தையும் ஒன்றாக்கினார், ஒன்றை ஐந்தாக்கினார். சாமியும் ரசித்துப் பார்த்தார்.

ஆனால் கை என்று ஒன்று இருக்கிறதே. பூதலிங்கத்துக்கு அரிசியை ஆழாக்கால் அளந்து பழக்கமில்லை. இரண்டு கையாலும் அள்ளிப் போட்டுவிட்டு, வாசல் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். பிறகு இன்னொரு கை அள்ளுவார். சின்னப் பாத்திரம் பொங்கி வழிந்தது. பெரியதற்கு மாற்றினார். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் விட்டார். குழம்பு மிஞ்சியது. ரசமும் மிஞ்சியது. புதன்கிழமைக்குள் ஐந்து பாத்திரமும் அறை முழுக்க வரிசையாக நின்றன. சாமிக்குக் கால் நீட்ட இடமில்லை.

வியாழன் காலையில் பூதலிங்கம் அலுத்துக்கொண்டார்.

“கடைக்காரன் ஏமாத்திட்டான் சாமி. அங்க வச்சுப் பாக்கையில அடங்குச்சு. இங்க அடங்கமாட்டேங்கு.”

சாமி எழுந்தார். நீர்விட்ட சோற்றைக் கீழே இஸ்திரி போடுகிறவர் ஆசையாக வாங்கிக்கொண்டார். மற்றது மாட்டுக்குப் போனது. ஐந்தையும் கழுவி, வேட்டித் துணியால் துடைத்து, ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினார். அடங்கியது.

“இந்தாங்க. இத அந்தக் கிடாரத்துக்குள்ள வச்சிருங்க. இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.”

பூதலிங்கம் வாங்கிக்கொண்டு போனார். கிடாரத்தின் விளிம்பு வரைக்கும் கை போனது. அப்படியே நின்றார்.

“அதுல வேண்டாம் சாமி.”

“ஏன், காலியாத்தானே கெடக்கு?”

பூதலிங்கம் உள்ளே குனிந்து பார்த்தார்.

“இல்ல சாமி.”

“என்ன இருக்கு?”

பூதலிங்கம் அடுக்கைக் கீழே வைத்துவிட்டு, கிடாரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். பாலம் உடைந்த வருஷம் இருநூறு பேர் மடத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் கஞ்சி குடித்தது. அந்தக் கூட்டத்திலேயே ஒருத்திக்கு வலி வந்து, பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்ட இந்தக் கிடாரத்தில்தான் வெந்நீர் வைத்தது. கண் தெரியாத ஒரு பாட்டுக்காரர், கொதிக்கிற சத்தத்தைக் கேட்டே, சோறு வெந்துவிட்டது இறக்கு என்று திண்ணமாகச் சொன்னது. இருபத்திரண்டு வயதில் வீட்டில் கோபித்துக்கொண்டு பூதலிங்கமே மடத்துக்கு வந்து சேர்ந்தது.

“அன்னைக்கு இதை விளக்குறதுக்கு நீங்க உள்ள இறங்கிட்டு வெளிய வரமுடியாமத் தவிச்சிய, ஞாபகம் இருக்கா?”

“கையக் குடுக்காம நின்னு சிரிச்சது யாரு?” என்றார் சாமி.

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் பூதலிங்கம் கிடாரத்தின் விளிம்பைத் தடவினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“கடைசி நாளு அறுபது பேருக்கு வச்சேன் சாமி. இலையெல்லாம் போட்டுட்டேன். ஒருத்தரும் வரல.”

“நான் சாப்பிட்டேனே.”

“ஆமா. மூணு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டிய.”

வெயில் ஜன்னல் தாண்டிப் போயிருந்தது. அன்று அடுப்பு மூட்டவே மறந்திருந்தார்கள். பூதலிங்கம் எழுந்து புளி கரைத்தார். அடி, விளிம்பு, காது என்று ஓர் இடம் விடாமல் கிடாரத்தைத் தேய்த்தார். சாமி தண்ணீர் ஊற்றினார். தங்கம் மாதிரி ஆகிவிட்டது.

வேன் வந்து நின்றது. வைகுண்டம் ஆட்களோடு படியேறி வந்தார். பூதலிங்கமே கயிற்றை எடுத்துக் கிடாரத்தின் காதில் கட்டி, முனையை அவர் கையில் கொடுத்தார்.

வைகுண்டம் தூக்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டார்.

“உள்ள ஏதும் இருந்தா எடுத்துக்கிடுங்க சாமி.”

பூதலிங்கம் சாமியைப் பார்த்தார்.

“இருந்துச்சு,” என்றார் சாமி. “இப்பத்தான் ரெண்டு பேருமாச் சாப்பிட்டு முடிச்சோம்.”