ஓமத்தண்ணீர் குடித்த அரசன்

நம்பாதவர்கள் எழுந்து போகலாம். நம்புகிறவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பனைமரங்களெல்லாம் முழங்கால் உயரமே இருந்த காலத்தில், மாமுடியன் என்றோர் அரசன் இருந்தான்.

அவனுக்கு யாழ் என்றால் உயிர். ஆனால் அதை யார் காதிலும் விழவிடமாட்டான். இசை அரண்மனைக்கு மட்டும்தான் என்று சட்டம் போட்டான். சன்னல்களை மெழுகால் அடைத்தான். ஊரிலிருந்த இசைப்பள்ளியை இழுத்து மூடினான். மதில்மேல் உட்கார்ந்து கேட்டுப் பழகிய மைனாக்களை நாடு கடத்தினான். அவை பாடிக்கொண்டேதான் எல்லையைத் தாண்டின. பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்கிறேன்.

பன்னிரண்டு வருடம் பாடுபட்டு அரசன் புதிதாக ஒரு பண் அமைத்தான். அமைச்சர்கள் முன் வாசித்தான். "பலே!" என்றார்கள். வேண்டுமென்றே தப்பும் தவறுமாக வாசித்தான். "பலே!" என்றார்கள். கடைசியில் ஒரு தும்மல் போட்டான். அதற்கும் "பலே!"

அரசனுக்குச் சோறு இறங்கவில்லை. 'நான் அமைத்தது நல்ல பண்தானா? பன்னிரண்டு வருடமும் வீணா? உண்மையைச் சொல்ல ஒருத்தர்கூட இல்லையே!'

ஊரைக் கூட்டினான். கண்ணை மூடி, தலையை ஆட்டி, உருகி உருகி வாசித்தான். கண்ணைத் திறந்தால், உப்பு விற்கும் சடையாயி செம்பை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"என்ன இது?"

"ஓமத்தண்ணி, மகராசா. பாவம், வயிறு இந்தப் பாடு படுத்துதே! ஒரே மூச்சாக் குடிச்சிடுங்க."

"அடியே, இது வயிற்றுவலி இல்லை, இசை!"

"அப்படியா? எங்க காதுக்குத்தான் நீங்க பன்னிரண்டு வருசமா வேலையே குடுக்கலையே. அதுக்கு எப்படித் தெரியும்?"

அரசன் செம்பை வாங்கி மடக்மடக்கென்று குடித்தான்.

மறுநாளே சன்னல் மெழுகைச் சுரண்டினார்கள். பள்ளியைத் திறந்தார்கள். யார் வேண்டுமானாலும் தொட்டுப் பழகலாம் என்று அரண்மனை யாழ்களை வாசலிலேயே வைத்தார்கள்.

முதல் வருடம், ஊர் முழுக்க எண்ணெய் காணாத வண்டிச்சக்கரம் போலக் கிறீச்சிட்டது. இரண்டாம் வருடம், ஊர் சுருதி சேர்ந்துவிட, அவமானம் தாங்காமல் கழுதைகள் பக்கத்து நாட்டுக்குக் குடிபோயின. மூன்றாம் வருடம், நல்ல பாட்டுக் கேட்காமல் ஒரு மாடும் பால் தரவில்லை.

அப்போது அரசன் மறுபடி தன் பண்ணை வாசித்தான். வாசித்து முடித்ததும் சடையாயி எழுந்தாள்.

"ஆரம்பம் தேன், மகராசா. முடிவுல அழுதே போயிட்டேன். நடுவுலதான் இழு இழுன்னு இழுத்துட்டீங்க. அதுல பாதியை வெட்டுங்க!"

அமைச்சர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அரசனோ எழுந்து குதித்தான்.

"எனக்கும் அங்கேதான் உறுத்தியது! அப்படியானால் நீ தேன் என்றதும் மெய்தான். வா, இப்படி உட்கார். எங்கே வெட்டவேண்டும், சொல்."

கலையை எல்லோருக்கும் கற்றுக்கொடுத்துத் திறந்து வைத்தால்தான், கலைஞனுக்கும் தன் கலையின் தரம் தெரியும்.