வாசல்காரி செங்காணி மூன்றைத் தள்ளி இரண்டை அழைத்தது

அந்தக் காலத்தில், உடம்புக்குள் இருந்தவை எல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, இரத்த ஆற்றில் மிதந்த சிவப்பணு வீடுகளுக்குக் காவலே கிடையாது. அப்படியொரு வீட்டுக்காரி செங்காணி. மூச்சுக்காற்றைச் சுமந்துபோய் உடம்பின் கடைக்கோடி வரை கொடுத்துவிட்டு வருவது அவள் வேலை. வந்தவரைப் போ என்று அவள் சொன்னதே இல்லை. அதில் அவளுக்குத் தலைகொள்ளாத பெருமை.

அந்த உடம்புக்காரன் கடற்கரை ஆள். கருவாடு இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. ஆகவே கடலுப்புகள் கூட்டம் கூட்டமாக வந்து செங்காணி வீட்டில் சட்டமாக உட்கார்ந்துகொண்டன. உப்பு நுழைந்தால் தண்ணீரும் பின்னாலேயே நுழைந்துவிடும். வீடு எண்ணெயில் போட்ட பூரி போல வீங்கியது.

கண்ணுக்குப் போகும் குறுகிய சந்தில் ஒருநாள் அது சிக்கிக்கொண்டது. பின்னால் வந்த வீடுகளும் நின்றன. எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் இதயம், பலம்கொண்ட மட்டும் தள்ளினாள். இரத்தக்குழாய்ச் சுவர்கள் நெரிபட்டு முனகின.

"மெதுவா தள்ளுக்கா, சுவர் தெறிச்சிடும்" என்றாள் செங்காணி.

"மெதுவா தள்ளினா கண்ணுக்கு மூச்சு யாருடி கொடுப்பா? வழியை அடைச்சுக்கிட்டு நிக்கிறது நீதான்."

செங்காணிக்குச் சுருக்கென்றது. எதிரே கண் இருண்டுகொண்டிருந்தது. அவள் மூன்று கடலுப்புகளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

"விருந்தாளியைத் தள்ளுறியே, ஊரு என்ன பேசும்?" என்றது ஒன்று.

"பேசட்டும். கண்ணு பிழைச்சாப் போதும்."

கீரையிலும் வாழைப்பழத்திலும் வந்த சாம்பலுப்புகள், பொட்டாசியம் என்கிறோமே அவை, வெளியே ஒதுங்கி நின்றன. "நாங்க வரலாமா?"

"ரெண்டு பேர் வாங்க. மூணாவது இடம் காலியாவே இருக்கட்டும். வீடு மெலிஞ்சாத்தான் சந்துல நுழையும்."

மறுபடி மூன்றைத் தள்ளினாள், இரண்டை அழைத்தாள். தண்ணீரும் உப்போடு வெளியேறியது. மெலிந்த வீடு வளைந்து நெளிந்து சந்தைக் கடந்தது. கண் தெளிந்தது.

"என்னால முடியாததை நீ செஞ்சுட்டடி" என்றாள் அக்கா, தள்ளுவதைத் தணித்துக்கொண்டு.

செங்காணி நிமிர்ந்து நின்றாள். பழைய பெருமை எல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. அதற்குள் ஒரு கடலுப்பு சுவர் இடுக்கு வழியாக நைசாக உள்ளே வந்தது. அவள் மறுபடி கையை நீட்டினாள்.

அன்று முதல்தான் நம் இரத்தத்தின் சிவப்பு வீடுகள்தோறும் செங்காணியின் வம்சத்தார் உட்காராமல் நின்று, மூன்று கடலுப்பைத் தள்ளி இரண்டு சாம்பலுப்பை அழைக்கிறார்கள். அவர்கள் கை ஓயும் உடம்பில் இரத்தக் கொதிப்பு ஏறுகிறது.