தரை அசையும் வீடு

ஒரு வீடு. அதன் கூரை இறங்கினால் தரையும் இறங்கும். கூரை ஏறினால் தரையும் ஏறும். நீங்களும் அதில் பத்து மாதம் குடியிருந்தீர்கள். அது எது?

தெரியாவிட்டால் பரவாயில்லை. பொற்கொடிக்கும் தெரியவில்லை.

அவள் சிலம்பம் ஆடுபவள். இரண்டாவது பிள்ளை பிறந்து ஆறு மாதம். அன்று களத்துக்கு வந்தவள், கம்பை ஆசான் மரகதத்தின் காலடியில் வைத்தாள்.

“இனி எனக்கு இது வேண்டாம், ஆசானே.”

மரகதம் அவளைவிட மூன்று வயது சின்னவள்.

“என்ன ஆச்சு, அக்கா?”

“குதித்தால் சிறுநீர் சொட்டுகிறது. மாமியார் பழைய சேலையால் வயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடிப் பார்த்தேன். இன்னும் மோசம்.”

மரகதம் ஒரு பலூனில் தண்ணீர் நிரப்பி நீட்டினாள்.

“நடுவில் இறுக்குங்கள்.”

இறுக்கினாள். அடிப்பக்கம் புடைத்துத் தொங்கியது.

பொற்கொடி குனிந்து தன் வயிற்றுக் கட்டைப் பார்த்தாள். மெல்ல அவிழ்த்தாள்.

“அடிவயிற்றில் விரல் வையுங்கள். மூச்சை விட்டபடியே, சிறுநீரை அடக்குவதுபோலக் கீழிருந்து மேலே தூக்குங்கள். பிறகு மூச்சை வாங்கித் தளர விடுங்கள்.”

செய்தாள். விரல்களுக்கு அடியில் வயிறு தானாக உள்ளே போனது. மூச்சை வாங்கினாள். எல்லாம் மெதுவாக இறங்கியது.

“நான் வயிற்றை ஒன்றுமே செய்யவில்லையே!”

“செய்ய வேண்டாம். நெஞ்சுக்கு அடியில் மூச்சு வாங்கும் தசை, அதுதான் கூரை. வயிறு சுவர். கீழே இடுப்புக்குள் நீங்கள் இப்போது தூக்கிய தசை, அதுதான் தரை. மூன்றும் சேர்ந்துதான் வேலை செய்யும்.”

பொற்கொடி மறுபடி செய்தாள். இன்னொரு முறை.

“இத்தனை நாளும் இது எனக்குள்ளேயா இருந்தது?”

“இரண்டு பிள்ளைகளைத் தாங்கியது. நீங்கள்தான் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.”

“அப்படியானால் நாளைக்கே குதிக்கலாமா?”

“ஆசையைப் பாருங்கள்! மூன்று மாதம் குதிக்கக் கூடாது. இதைப் பழகிக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் வரிசையில் நின்று கம்பு சுற்றுங்கள்.”

“ஐயோ! மாநிலப் பதக்கம் வாங்கியவள் நான். ஊரே சிரிக்கும். அதைவிட வீட்டிலேயே இருந்துவிடுவேன்.”

களத்தின் ஓரத்தில் அந்த வரிசை நின்றது. அதில் ஆறு வயது அல்லியும் இருந்தாள். பொற்கொடியின் மூத்த மகள்.

மரகதம் அவளைக் கேட்டாள்.

“அல்லி, அம்மா இங்கே நிற்கட்டுமா, வீட்டுக்குப் போகட்டுமா?”

அல்லி ஓரடி நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டாள்.